ரிப்போர்ட் வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்

வீட்டில் பெரியவருக்கு வயிற்றில் கட்டி. எண்டாஸ்கோபி பார்த்து, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று. ரிப்போர்ட் வர சில நாள் ஆகும். டாக்டர் பேசிய தோரணையிலேயே பிள்ளைகளுக்குப் பாதி புரிந்துவிட்டது. அந்தச் சில நாட்களில் அவர்கள் வராந்தாவிலும் போனிலும் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஒன்றைப் பற்றித்தான்: அது கேன்சராகவே இருந்தால் அப்பாவிடம் சொல்வதா, வேண்டாமா?

புற்றுநோய்ப் பிரிவில் நோயாளிகளோடும் அவர்கள் வீட்டு ஆட்களோடும் பேசுவது என் வேலை. இந்தக் கேள்விக்கு இரண்டு விடைதான் உண்டு என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை வழிகள் நான்கு. அவரிடம் மறைத்துவிட்டுக் குடும்பமே முடிவெடுப்பது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு உடைப்பது. எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரையே கேட்டு, அதற்கேற்பச் சொல்வது. அவரே "எனக்கு வேண்டாம், மகனிடம் பேசுங்கள்" என்று ஒப்படைப்பது. முதலாவதும் நான்காவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் டாக்டர் மகனிடம்தான் பேசுகிறார். ஆனால் ஒன்றில் நோயாளி கேட்கப்படவே இல்லை, மற்றதில் கேட்கப்பட்டு, முடிவும் சொல்லிவிட்டார்.

முதல் வழியைப் பார்ப்போம். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சிருவாரு" என்று கைகூப்புகிற மகனிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. பாசத்தில் சொல்கிறார். தான் சுமப்பதை அப்பா சுமக்க வேண்டாம் என்று நினைக்கிறார். இது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் என்பதும் சரியல்ல. 1961இல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979இல் வேறொரு அமெரிக்க மருத்துவமனையில் அதே போன்ற கேள்விகளுக்கு 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்புவதாகப் பதில் தந்தார்கள். பதினெட்டு ஆண்டில் தலைகீழ். ஜப்பானில் 1989 ஜனவரியில் இறந்த பேரரசர் ஹிரோஹிட்டோவுக்கு முன்சிறுகுடலில் புற்றுநோய். அது கடைசி வரை அவரிடம் சொல்லப்படவில்லை. இறந்த பிறகுதான் நாட்டுக்கே அறிவித்தார்கள். சக்கரவர்த்திக்கே அதுதான் கதி என்றால் நம் வீட்டு அப்பாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மறைப்பதில் அறம் உண்டா இல்லையா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையில் அது நிற்பதில்லை என்பதுதான் என் முதல் ஆட்சேபணை. கேன்சர் ஆஸ்பத்திரி என்று வாசலிலேயே போர்டு இருக்கிறது. ஃபைலின் மேல் ஆங்கிலத்தில் 'சிஏ ஸ்டமக்' என்று எழுதியிருக்கிறது, பேத்தி போனில் தட்டிப் பார்த்துவிடுவாள். பக்கத்துக் கட்டில்காரர் "உங்களுக்கு எத்தனையாவது கீமோ?" என்று சகஜமாகக் கேட்பார். பதிவு செய்யும் கவுண்டரில் எந்த போன் நம்பரைக் கொடுத்தார்களோ அதற்குத்தான் லேப் ரிப்போர்ட்டின் லிங்க் வரும். அப்பாவின் நம்பரைக் கொடுத்திருந்தால் பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுக்கும் முன்பே அவர் கையில் ரிப்போர்ட் இருக்கும்.

இரண்டாவது ஆட்சேபணை சிகிச்சை சம்பந்தப்பட்டது. "அல்சர், கொஞ்சம் புண்ணு ஆறாம இருக்கு" என்று சொல்லி அழைத்து வரப்பட்டவர், இரண்டு கீமோ முடிந்து வாய்ப்புண்ணும் வாந்தியுமாகக் கிடக்கும்போது, "அல்சருக்கு எதுக்குடா இந்தப் பாடு? நான் வரல" என்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அல்சருக்கு யாரும் அந்தப் பாடு படமாட்டார்கள். சிகிச்சை பாதியில் நிற்கும்போது மகனுக்கு இரண்டு வழிதான்: பொய்யை இன்னும் பெரிதாக்க வேண்டும், அல்லது மிக மோசமான ஒரு நேரத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நான் அதிகம் பார்ப்பது. அவருக்குத் தெரியும். தெரியாதது போல இருக்கிறார். வீட்டார் நான்கு நாள் ஊருக்குப் போனதும் நர்ஸிடம் மெதுவாகச் சொல்வார்: "பசங்களுக்குத் தெரிய வேணாம் சிஸ்டர், தெரிஞ்சா தாங்க மாட்டாங்க." இரண்டு தரப்பும் ஒருவருக்காக ஒருவர் நடிக்க, பேச வேண்டிய எதுவும் பேசப்படாமல் போகிறது. உயில், பத்திரம் யார் பெயரில், பேங்க் நாமினி, சின்னவளுக்குச் செய்ய வேண்டியது, பேசாமல் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டுப் பார்ப்பது, குலதெய்வம் கோயிலுக்கு ஒரு நடை. இதெல்லாம் உடம்பில் தெம்பிருக்கும்போது செய்தால்தான் உண்டு.

இரண்டாவது வழிக்கு வருவோம். மறைக்கிற பழக்கத்தின் மேல் எரிச்சல்பட்டவர்கள் நேர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். எண்பது பேர் காத்திருக்கும் ஓபியில், கதவு திறந்தபடி இருக்க, அடுத்த டோக்கன்காரர் ஒரு கால் உள்ளே வைத்திருக்க, "கேன்சர்தான், பரவியிருக்கு, ஆறு மாசம்" என்று முடித்துவிடுவது. உண்மை சொல்லியாயிற்று என்று டாக்டருக்கு ஒரு நிறைவு. கேட்டவருக்கோ 'கேன்சர்' என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் ஏறியிருக்காது. இதில் எனக்குப் பெரிய மனக்குறை அந்த 'ஆறு மாசம்' மீதுதான். சிகாகோவில் ஹாஸ்பிஸுக்கு, அதாவது கடைசிக் காலத்தில் வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்புக்கு, அனுப்பப்பட்ட 468 நோயாளிகளைப் பற்றி அவர்களின் மருத்துவர்கள் சொன்ன கெடுவை, பிறகு நடந்ததோடு ஒப்பிட்டு 2000இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறக்குறைய சரியாக வந்தவை 20 சதவீதம்தான். பெரும்பாலானவர்கள் நோயாளி உண்மையில் இருந்ததைவிட அதிக நாள் இருப்பார் என்று கணித்திருந்தார்கள். இன்னொரு பக்கம், பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். அந்த நோய்க்கு இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்றுதான் அப்போதைய மருத்துவ இதழ்களில் இருந்தது. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்குள் போவார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டுவார்கள், தாண்டுகிறவர்களில் சிலர் வெகுதூரம் போவார்கள். அவர் 2002 வரை இருந்தார், இறந்ததும் வேறொரு புற்றுநோயால்.

ஆக, கெடு சொல்வது தவறு என்று சொல்ல வரவில்லை. கேட்டால் சொல்லத்தான் வேண்டும். "நாள் கணக்கா, மாதக் கணக்கா, வருஷக் கணக்கா என்றால் மாதக் கணக்கு என்று நினைக்கிறேன். இதில் நான் தப்பாகவும் போகலாம்" என்று சொல்கிற டாக்டர் கூடுதல் உண்மையைச் சொல்கிறார்.

இனி மூன்றாவது வழி. என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கெட்ட செய்தி சொல்வதற்கென்று 2000ஆம் ஆண்டில் 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறையை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதில் விஷயத்தைச் சொல்வது நான்காவது படிதான். அதற்கு முன் மூன்று வேலை இருக்கிறது: தனியாக உட்கார ஓர் இடம், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது. நம் ஆஸ்பத்திரிகளில் முதல் படிக்கு இடமில்லை, இரண்டுக்கும் மூன்றுக்கும் நேரமில்லை என்பார்கள். இடம் கிடைப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். நேரமில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பேச்சு இவ்வளவுதான்:

"ஐயா, இதுவரைக்கும் உங்க உடம்பப் பத்தி என்ன சொல்லியிருக்காங்க?"

"கட்டி மாதிரி இருக்குன்னாங்க. டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு."

"ரிப்போர்ட் அடுத்த வாரம் வரும். சில பேரு எதுவா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லிருங்கம்பாங்க. சில பேரு வீட்ல இருக்கறவங்ககிட்ட பேசிக்கோங்கம்பாங்க. நீங்க எப்படி?"

பதில் பல விதமாக வரும். "எங்கிட்டயே சொல்லுங்க, நான் என்ன சின்னப் புள்ளயா?" என்பவர் உண்டு. "பெரியவனையும் வச்சுக்கிட்டு சொல்லுங்க" என்பவர் உண்டு. "எனக்கு வேணாம் தம்பி, அவன்கிட்ட சொல்லிருங்க, செய்யறதச் செய்யட்டும்" என்பவரும் உண்டு. மூன்றும் சரியான பதில்தான்.

இந்தக் கேள்வியை எப்போது கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பயாப்ஸிக்கு அனுப்பும் அன்றே கேட்டால் அது சாதாரணக் கேள்வி. யாருக்கும் எதுவும் தெரியாது, மறைக்கவும் ஒன்றுமில்லை, மகனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வார். அதே கேள்வியை ரிப்போர்ட் வந்து, மகன் அதைப் படித்து, சட்டைப் பையில் மடித்து வைத்த பிறகு கேட்டால், கேள்வியே பதிலைச் சொல்லிவிடுகிறது. அதன் பிறகு மகன் டாக்டரைத் தனியாக இழுத்துப் போகிறார், முதல் வழி தானாகவே தொடங்கிவிடுகிறது. யாரும் உட்கார்ந்து யோசித்து மறைப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை. ரிப்போர்ட் யார் கைக்கு முதலில் போகிறது என்பதே தேர்ந்தெடுத்துவிடுகிறது.

"எங்க சமூகத்துல இப்படியெல்லாம் கேக்குறதில்ல" என்பவர்களுக்கு ஒரு தகவல். 1995இல் வெளியான ஆய்வு ஒன்றில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 800 முதியவர்களிடம், பரவிய புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதம். வேறுபாடு பெரிதுதான். ஆனால் கொரிய முதியவர்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொல்ல வேண்டும் என்கிறார்களே! சமூகத்தை வைத்து ஒருவருடைய விருப்பத்தை ஊகித்தால் காசைச் சுண்டிப் பார்ப்பதுபோல்தான் முடியும். ஆளைக் கேட்டுவிடுவது சுலபம்.

பெண் நோயாளி என்றால் இதில் இன்னொரு சிக்கல். கேள்வியை அவரிடம் கேட்போம், அவர் கணவர் முகத்தைப் பார்ப்பார், கணவர் பதில் சொல்வார். இது ஒப்படைப்பா, பழக்கமா என்று அந்த இடத்தில் சொல்லவே முடியாது. எங்கள் நர்ஸ்கள் கண்டுபிடித்த வழி எளிது. கணவரை மருந்துச் சீட்டோடு பார்மஸிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வரிசை நீளம். அவர் திரும்புவதற்குள் அந்த அம்மாவை ஒருமுறை தனியாகக் கேட்டுவிடலாம். தனியாகக் கேட்டும் "அவர்கிட்டயே சொல்லுங்க" என்றால், சரி, அது அவர் முடிவு.

வடமாநிலத் தொழிலாளர் விஷயம் இதைவிட மோசம். மேஸ்திரிதான் மொழிபெயர்ப்பாளர், அவர்தான் கையெழுத்துக்குச் சாட்சி, சம்பளம் தருகிறவரும் அவரே. அவர் வழியாகப் பேசுவது பேச்சே அல்ல. ஸ்பீக்கரில் ஊரில் இருக்கும் மனைவியையோ அண்ணனையோ பிடித்து, இந்தி தெரிந்த நர்ஸை வைத்துக்கொண்டு பேசுவது எவ்வளவோ மேல்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பார்கள். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்கின்றன. ஆனால் யாரிடம் சொல்வது என்ற இடத்தில் நோயாளி, உறவினர், பொறுப்பான நண்பர் என்று மூவரையும் 'அல்லது' போட்டு அடுக்கிவிடுகின்றன. மகனிடம் மட்டும் பேசும் டாக்டர் இந்த 'அல்லது'வைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

கையெழுத்து என்று வரும்போது அந்த நெகிழ்வு இல்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தில்லி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 44 வயதுப் பெண், மாதவிலக்குத் தொல்லை. மயக்கம் கொடுத்து லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியாக வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, அதற்கு மட்டும்தான் போயிருந்தார். மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லை, சுயநினைவு திரும்பக் காத்திருந்திருக்கலாம், வயது வந்தவருக்காகத் தாய் சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். இரண்டாவது ஆபரேஷன் மிச்சம், செலவு மிச்சம் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. டாக்டருக்குக் கட்டணம் கிடையாது, 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று முடிந்தது. இழப்பீட்டுத் தொகையைப் படிக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஆனாலும் சம்மதம் யாருடையது என்பதில் தீர்ப்பு தெளிவு.

எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதில் அதே தீர்ப்பு மருத்துவர் பக்கம் சாய்ந்தது. பொறுப்பான மருத்துவர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்வார்களோ அவ்வளவு போதும், அரிதான அபாயங்களையெல்லாம் அடுக்கி ஆளைப் பயமுறுத்தத் தேவையில்லை என்றது. பிரிட்டனில் 2015இல் வந்த மாண்ட்கோமரி தீர்ப்பு வேறு அளவுகோலை எடுத்தது. சர்க்கரை நோயுள்ள, உயரம் குறைவான கர்ப்பிணி. சுகப்பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள 9 முதல் 10 சதவீதம் வாய்ப்பு. சொன்னால் எல்லாரும் சிசேரியன் கேட்பார்கள் என்று டாக்டர் சொல்லவில்லை. தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளை பாதிப்பு. மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வார்களா என்பதல்ல, அந்த இடத்தில் இருப்பவருக்கு அது முக்கியமாகப் படுமா என்பதே கேள்வி என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். இரண்டு அளவுகோலில் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. அதை எண்பது பேர் ஓபியில் எப்படி நடத்துவது என்று கேட்டால், எல்லாருக்கும் முடியாது, பெரிய முடிவுகளுக்காவது முடியும் என்பேன்.

நோய் என்னவென்று சொல்வது ஒன்று, முடிவில் சேர்த்துக்கொள்வது வேறொன்று. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பை முழுதாக எடுக்கலாம், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் வைக்கலாம், அதாவது கதிர்வீச்சு. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய பெரிய ஆய்வின் இருபதாண்டு முடிவு 2002இல் வந்தது. இரண்டிலும் ஆயுளில் வித்தியாசமில்லை. அதே மார்பில் நோய் திரும்புவது, கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைக்காதவர்களில் 39 சதவீதம், வைத்தவர்களில் 14. அப்படியென்றால் கட்டியை மட்டும் எடுப்பவர் கரண்டுக்கு வந்தே தீர வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம். ஊர் தூரம் என்றால் நகரத்தில் தங்க வேண்டும், கூலி போகும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். இதையெல்லாம் எடை போட டாக்டரால் முடியாது. "எடுத்துருங்க டாக்டர், எதுக்கு வம்பு" என்று சொல்லும் கணவராலும் முடியாது. அந்தப் பெண்ணால்தான் முடியும். ஆயுள் சமம் என்று தெரிந்துகொண்டே முழுதாக எடுக்கச் சொன்ன பெண்கள் உண்டு, எப்படியாவது லாட்ஜ் எடுத்துத் தங்கிக்கொள்கிறேன் என்றவர்களும் உண்டு.

எல்லா முடிவும் இப்படியல்ல. நெஞ்சுவலியோடு நடுராத்திரி வந்தவரிடம் ஐந்து வழிகளை விரித்துக் காட்டுவது அபத்தம். இன்னொரு கொடுமை, ஐசியூ வாசலில் விடியற்காலை மூன்று மணிக்கு மகளைக் கூப்பிட்டு, "வெண்டிலேட்டர் போடலாமா வேண்டாமா, நீங்கதான் சொல்லணும்" என்பது. நோயாளியைச் சேர்த்துக்கொள்வது என்றால் மெனு கார்டை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது என்று சிலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். "நானா இருந்தா இதைச் செய்வேன், காரணம் இது" என்று டாக்டர் சொல்லியே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இவர்களுடையது.

அந்த மூன்று மணிக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைக்கவும் இப்போது வழி இருக்கிறது. மீளவே முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதி வைக்கும் உரிமையை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்ற முதல் நிபந்தனையில் அது நடைமுறைக்கே வராததால், 2023இல் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். தனக்கு அல்சர் என்று நம்பிக்கொண்டிருப்பவர் இதை எழுத மாட்டார்.

எண்களைச் சொல்லும் விதத்தையும் கவனியுங்கள். "இந்த மருந்து அபாயத்தை 30 சதவீதம் குறைக்கும்" என்றால் பிரமாதமாகத் தெரியும். மருந்தில்லாமல் 100 பேரில் 10 பேருக்கு நோய் திரும்பும், மருந்தோடு 7 பேருக்குத் திரும்பும் என்பதும் அதே கணக்குதான். இரண்டாவது விதத்தில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் மகனோ மகளோ கேட்கலாம். குடும்பத்துக்கு இதில் பெரிய வேலை உண்டு.

மறைப்பதுதான் சரி என்று எனக்கும் தோன்றுகிற இடங்கள் இல்லாமல் இல்லை. மறதி நோய் முற்றியவருக்கு ஒவ்வொரு முறை சொல்வதும் புதுச் செய்தியாக வந்து விழும். அங்கே ஒருமுறைக்கு மேல் சொல்வது வதை. கடும் மனச்சோர்வில் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தவரிடம் மனநல மருத்துவரையும் வைத்துக்கொண்டு, காலம் பார்த்துத்தான் பேச வேண்டும். "வயசாயிடுச்சு", "படிக்காதவரு", "ரொம்ப பயந்தவரு" என்பவை இந்தப் பட்டியலில் வராது.

ரிப்போர்ட் ஏற்கெனவே மகன் கைக்குப் போய்விட்டது, பேசாமல் நாட்களும் ஓடிவிட்டன என்றால்? அப்போதும் நான் போய் அப்பாவிடம் போட்டு உடைக்க மாட்டேன். மகனிடம் இரண்டு விஷயம் சொல்வேன். "உங்களைக் கேக்காம நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா அவரே எங்கிட்ட கேட்டா பொய் சொல்ல மாட்டேன்." முதலாவதைக் கேட்டு நிம்மதியாவார், இரண்டாவதைக் கேட்டுத் திகைப்பார். பிறகு அவருக்கு ஒரு வேலை கொடுப்போம். அப்பாவிடம் போய் இப்படிக் கேட்கச் சொல்வோம்: "டாக்டர் ரிப்போர்ட் பத்திப் பேசணும்ங்கறாரு. நீங்க பேசுறீங்களா, நான் பேசட்டுமா?" பெரும்பாலான அப்பாக்கள் இதற்கு உடனே பதில் சொல்வதில்லை. "நீ என்னடா நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது டாக்டரும் வேண்டாம், நானும் வேண்டாம். மறுநாள் ரவுண்ட்ஸில் அப்பா எந்தப் பதிலைச் சொன்னார் என்பதை மட்டும் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தால் போதும், அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் கட்டில் அருகே போக வேண்டும்.